சாயிரா கட்டிய விலைச் சீட்டு

செய்தி வந்தபோது காலை ஒன்பதே கால் மணி. தாராவி நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், தோல்பைப் பட்டறையின் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார்கள். தைக்க வந்த பெண்கள் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாயிரா பசை டப்பாவின் மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டே, மேசையில் அடித்த போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“ராத்தா, ராவோட ராவா சென்ட்ரல் பேங்க் கைய விட்டுட்டாங்க,” என்றார் காலித், கொழும்பில் தன் கடையிலிருந்து. சாயிராவை அவர் அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்.

“எதை விட்டுட்டாங்க?”

“எங்கட ரூபாயத்தான். டாலருக்கு இருநூத்தி மூணு எண்டு மாசக்கணக்கா இறுக்கிப் பிடிச்சிருந்தாங்கதானே. இப்ப இருநூத்தி முப்பது வரைக்கும் போகலாமாம்.”

“முப்பதுல நிக்குமா?”

“மடைய தொறந்துவிட்ட பொறகு தண்ணி நாங்க சொல்ற எடத்துலயா நிக்கும்?”

மூடி திறந்துகொண்டது. சாயிரா அதைக் கீழே வைத்தார். “சரி தம்பி, நீ பசியாறிட்டியா?” என்று கேட்டு, பதிலையும் கேட்டுவிட்டுத்தான் போனை அணைத்தார். அந்தப் பழக்கத்தை எந்தச் செய்தியும் மாற்றியதில்லை.

அது 2022 மார்ச். ரம்ஜானுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பட்டறை அதுவரை அனுப்பியதிலேயே பெரிய சரக்கு, முழுக்க ஆட்டுத்தோல் கைப்பைகள், கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டையில் காலித்தின் கடைக்குப் போய் இறங்கியிருந்தது. அதற்கு வெட்டிய தோலெல்லாம் கடனுக்கு வாங்கியது. ரம்ஜான் முடிந்ததும் தோல்காரருக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் அவர் மிஷின்களைத் தூக்கிக்கொண்டு போவார். ஆறு மிஷின், ஆறு பெண்கள், ஒரு பட்டறை. சாயிராவுக்கு உலகத்தில் தன்னுடையது என்று இருந்தது அவ்வளவுதான்.

மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர் அவர். கணவர் ஜெயினுலாப்தீன் பட்டறைக்கு வெளியே நின்று வியாபாரம் பேசுவார். உள்ளே தோலை வெட்டுவது சாயிரா. கொரோனாவின் இரண்டாவது அலையில் ஜெயினுலாப்தீன் போனார். பட்டறையை விற்றுவிட்டு முலுண்டில் ஒரு வாடகை வீட்டில் ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடியும்வரை சாயிரா பொறுத்திருந்தார். முடிந்த மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்கினார். தைப்பவர்களில் மூத்தவள் ருக்சானா மட்டும் அன்று வாசலில் நின்றிருந்தாள். “வருவியன்னு தெரியும் மாமி. அதான் வேற எடத்துல வேலைக்குச் சேரல,” என்றாள்.

கொழும்பு வியாபாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜெயினுலாப்தீனும் காலித்தின் வாப்பாவும் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் கைகொடுத்துப் பேசிவைத்தது. பையின் கைப்பிடியில் கட்டும் விலைச் சீட்டு தாராவியிலேயே கட்டப்படும். விலை இலங்கை ரூபாயில் அச்சடித்திருக்கும். கடைக்காரர் அதைத் தொடக்கூடாது. விற்றதில் கால் பங்கு கடைக்கு, முக்கால் பங்கு பட்டறைக்கு. வங்கி வழியாக டாலராக மாறி வரும். ‘பம்பாயில் கட்டின விலை’ என்றால் புறக்கோட்டையில் யாரும் பேரம் பேசுவதில்லை. வாங்குகிறவன் கையில் என்ன காசு இருக்கிறதோ அந்தக் காசில் விலை சொல்வதுதான் மரியாதை என்பது ஜெயினுலாப்தீனின் கட்சி. கட்டின சீட்டை அவிழ்ப்பது, சொன்ன சொல்லை அவிழ்ப்பது.

முன்பெல்லாம் இலங்கைக் காசு மெல்ல மெல்லத்தான் இறங்கும். அடுத்த சரக்குக்குச் சீட்டு அடிக்கும்போது விலையைக் கொஞ்சம் கூட்டினால் போதும். அந்த வருடமோ டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற எண் அசையவே இல்லை. அசையாத எண்ணைப் பார்த்துத்தான் சாயிராவுக்கு அவ்வளவு பெரிய சரக்குக்குத் தைரியம் வந்தது. பெண்கள் மாலையில் கூடி உட்கார்ந்து சீட்டுக் கட்டினார்கள். கடைசி முடிச்சுகளை அவரே போட்டார்.

போன் வந்த மறுநாள் அவர் கிங்ஸ் சர்க்கிள் பக்கமுள்ள வங்கிக்குப் போனார். வெளிநாட்டுப் பணத்தைப் பார்க்கும் அதிகாரி வெங்கடேஷ், முலுண்டிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்துவிட்டு அங்கே போன குடும்பம்.

“உக்காருங்கோ மேடம். கொழும்பு விஷயம்தானே?”

“ஏன் சார் இப்படி ஒரே நாள்ல? மழ வாற மாதிரி ஒரு இருட்டுகூட இல்லையே.”

“இருட்டு இருந்தது. நமக்குத் தெரியலை. ஜன்னலை மூடி வெச்சிருந்தா.” வெங்கடேஷ் பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். “அவாளுக்கு டாலர் வர்ற வழி மூணு நாலுதான். டூரிஸ்ட், தேயிலை, துணி, வெளிநாட்டுல வேலை பாக்கறவா அனுப்பற பணம். அங்கே சர்ச்சுல குண்டு வெடிச்சப்புறம் டூரிஸ்ட் கொறைஞ்சான், கொரோனாவுல சுத்தமா நின்னான். அதுக்கு முன்னாடியே வரியை வேற கொறைச்சுட்டா. வரவு போறலைன்னு நோட்டு அடிச்சா. வெளிக்கடன் தவணை வரிசையா நிக்கறது. உள்ளே நோட்டு பெருகி, வெளியே டாலர் கொறைஞ்சா என்ன ஆகும்?”

“காசு மட்டமாகும்.”

“ஆகணும். ஆனா ஆக விடலை. இருநூத்தி மூணுன்னு ஆணி அடிச்சுட்டு, கையில இருந்த டாலரை வித்து வித்துப் பிடிச்சா. வெளில வேற விலை, வங்கில வேற விலைன்னா துபாய்ல இருக்கறவன் வங்கில அனுப்புவானா? உண்டியல்ல, வங்கிக்கு வெளியே கள்ளத்தனமா அனுப்பினான். வர்ற டாலரும் நின்னுது. இப்ப யுத்தம் வந்து பெட்ரோலும் ஏறிடுத்து. கையிருப்பு தீர்ந்தது, விட்டுட்டா.”

“நம்ம நாட்டுலயும் டாலரை வித்துத்தான பிடிக்காங்க?”

“விப்பா. நம்மகிட்ட கையிருப்பும் ஜாஸ்தி. ஆனா ஒரே எண்ணுல ஆணி அடிக்கறதில்லை. விழறதைத் தடுக்கறதில்லை, விழற வேகத்தைக் கொறைக்கறது. தினம் கொஞ்சம் விழுந்தா யாரும் மிரள மாட்டா. நாளைக்கே அமெரிக்காக்காரன் வட்டியை ஏத்தினா நம்ம ரூபாயும்தான் ஆடும். எல்லா வளர்ற நாட்டுக்கும் இதே கதைதான்.”

சாயிரா எழுந்தார். “அசையாம இருக்குன்னு நம்பிட்டேன் சார்.”

“நீங்க மட்டுமா? பெரிய பெரிய கம்பெனியெல்லாம் நம்பித்து,” என்றார் வெங்கடேஷ். அது ஆறுதலுக்குச் சொன்னது. ஆனால் உண்மையும் அதுதான்.

பிறகு ஒரு வாரம் காலித் பேசவில்லை. கொழும்பில் கரண்ட் இல்லை, கேஸ் இல்லை என்று செய்திகளில் காட்டினார்கள். முப்பதில் நில்லாமல் எண் இருநூற்று அறுபதைத் தாண்டியது. காலித் கெட்டிக்காரர், கடையில் எல்லாரும் மாற்றும்போது அவரும் விலையை மாற்றியிருப்பார் என்று சாயிரா நினைத்தார். நாமாகப் போய் ‘ஏற்று’ என்று சொன்னால் அவர் நாணயத்தைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அவரும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு காலித் கூப்பிட்டார். குரலில் உற்சாகம்.

“ராத்தா, சாமான் பறக்குது. முந்தி வந்த பொட்டில பாதி காலி. பக்கத்துக் கடைக்காரன் எல்லாம் எட்டிப் பாக்குறான்.”

“என்ன வெலைக்கு வித்த?”

“என்ன வெலைக்கு? சீட்டு வெலைக்குத்தான்.”

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் வந்ததை ஆறு பேரும் கேட்டிருந்தார்கள்.

“ஏன் தம்பி? மத்தவங்க எல்லாம் ஏத்திட்டாங்கல்லா?”

“ஏத்திட்டாங்க. சீன சாமான் எல்லாம் ஒண்டரை மடங்கு. அதான் சனம் நம்மட கடைக்கு ஓடி வருது. நீங்க கட்டின சீட்டு ராத்தா. உங்களக் கேக்காம நான் எப்பிடி அவுக்குற? நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துட்டிருந்தன். ஒண்டும் சொல்லல்ல. ரம்ஜானுக்கு சனத்துக்கு ஒரு நன்மை எண்டு நெனச்சு விட்டுட்டீங்களாக்கும் எண்டு...”

“நான் நீ மாத்திருப்பன்னு நெனச்சேன்.”

கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், பை ஒன்றுக்கு வர வேண்டிய காசு தினமும் தேய்ந்துகொண்டிருந்தது.

ருக்சானாதான் முதலில் வாயைத் திறந்தாள். “நல்லா இருக்கு. ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டு விட்டு ரெண்டு பேரும் ரயில விட்டாச்சு.”

ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயிரா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மேசை மேல் ஒரு பழைய சீட்டு கிடந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்த மேசையில் எதிரே உட்கார்ந்துதான் ஜெயினுலாப்தீன் சீட்டுக்குத் துளை போடுவார்.

“தம்பி, கத்திரி இருக்கா கையில?”

“இரிக்கி.”

“மிச்சம் இருக்குற பையில எல்லாம் சீட்ட வெட்டி எடு. நான் சொல்லுதேன், நீ வெட்டுத. பாவம் என் மேல இருக்கட்டும்.”

“வாப்பாவும் மச்சானும் பேசிவெச்சது ராத்தா...”

“அவங்க பேசுனது எண் ஒழுங்கா நடந்த காலத்துல. வாங்குறவன ஏமாத்தாதன்னுதான பேசுனாங்க? என்னையும் இந்த ஆறு பொம்பளையளையும் தெருவுல விடணும்னு பேசல. வெட்டு.”

தொலைவில் கத்திரியின் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு. பிறகு காலித், “புதுசு அடிச்சு அனுப்புறீங்களா?” என்று கேட்டார்.

“அடிக்காண்டாம். வெறும் அட்டையக் கட்டு. வெலைய பென்சில்ல எழுது.”

“பென்சில்லயா? புறக்கோட்டையே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிஞ்சதும் கூப்பிடு. நான் அன்னிக்கு எண்ணப் பாத்து வெல சொல்லுதேன். அந்த வாரம் பூரா அதான் வெல. அடுத்த வெள்ளி அழிச்சுட்டு எழுது.”

போனை வைத்ததும் சாயிரா பெண்கள் பக்கம் திரும்பினார். கொழும்புக்காரர்கள் செய்த தவறு எதுவோ அதைத் தன் பட்டறைக்குள் செய்யக்கூடாது என்று வங்கியிலிருந்து நடந்து வரும்போதே அவர் முடிவு கட்டியிருந்தார். முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, கையிருப்பு தீரும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டி, ஒரு நாள் காலையில் ஷட்டரை இறக்குவது என்பது நடக்காது.

“கேட்டியள்ல? மறைக்க ஒண்ணுமில்ல. பெருநாளைக்குக் குடுக்குற காசு பாதிதான் இந்த வருசம். தோல்காரருக்கு ரெண்டு மிஷின வித்துக் குடுக்கப் போறேன். நாலு மிஷினுல ஆறு பேரும் மாறி மாறி உக்காரணும். வேற எடத்துக்குப் போறவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன்.”

“எந்த மிஷின விக்கப் போறிய?” என்று ருக்சானா கேட்டாள்.

“தோல் ஓரத்தச் சீவுற மிஷினத் தொட மாட்டேன். அது போனா பட்டறையே இல்ல. தைக்கிற மிஷினுல ரெண்டு.”

“அப்ப என் மிஷின வில்லுங்க. அது எப்பவும் நூல அறுக்கும், சனியன். வாங்குறவன் பாடு.”

அந்தப் பக்கம் ஒருத்தி, “வாங்குறவன ஏமாத்தாதன்னு இப்பத்தான மாமி சொன்னாவ,” என்றாள். அப்போதுதான் சாயிராவும் சிரித்தார். மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

ஏப்ரலில் கொழும்பு அரசு எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தது. வட்டியை ஒரே வீச்சில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வெளிக்கடன் தவணைகளை நிறுத்திவைத்தது. பல பொருட்களை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. டாலர் முந்நூற்று முப்பதைத் தாண்டியது. காலித்திடம் பைகள் விற்ற காசு இருந்தது. அதை மாற்றிக்கொடுக்க அவருடைய வங்கியில் டாலர் இல்லை. காசு அங்கேயே கிடந்து மெலிந்தது.

சாயிராவுக்கு ஒரு யோசனை வந்தது. மிச்சப் பைகளை விற்காமல் வைத்திருந்தால் என்ன? பை கெட்டுப்போகாது, காசுதான் கெட்டுப்போகிறது. வெங்கடேஷிடம் கேட்டார்.

“தப்பில்லை. எல்லாரும் அதைத்தான் பண்றா,” என்றார் அவர். “தேயிலைக்காரன் டாலரை வெளிலயே வெச்சுக்கறான், கடைக்காரன் சரக்கைப் பதுக்கறான். விழும்னு பயந்து எல்லாரும் பண்றதாலயே இன்னும் விழறது.”

“அப்ப நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தியா?”

“மேடம், நீங்க இருபது பொட்டி பை. உங்களால ஒரு நாடு விழாது.”

“ஆளாளுக்கு அதத்தான சொல்லுவாங்க.” அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அந்த வெள்ளியும் காலித்துக்கு விலை சொன்னார், விற்கச் சொன்னார். இது பெருந்தன்மை இல்லை என்று பின்னால் ருக்சானாவிடம் சொல்லியிருக்கிறார். புறக்கோட்டையில் ‘பம்பாய்ப் பை’ என்ற பேர் ஒரு ரம்ஜான் கண்ணில் படாவிட்டால் அடுத்த ரம்ஜானுக்கு யாரும் தேட மாட்டார்கள். கடை மூடினால் பேர் போகும், பேர் போனால் பட்டறை போகும். அவர் கணக்கு அது.

இரண்டு மிஷின் போயிற்று. ஒரு பெண் குர்லாவில் வேறு வேலைக்குப் போனாள், மற்றவர்கள் இருந்தார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், செம்பூர் கடைகளுக்கு ரெக்ஸின் புத்தகப்பை தைத்தார்கள். தோல் வெட்டிய கைக்கு ரெக்ஸின் பிடிக்காது. சாயிராவுக்கு நாற்றமும் பிடிக்காது. மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு வெட்டினார். தோல்காரர் ஒரு நாள் மிச்சக் கடன் கேட்டு வந்து, அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். தவணையைத் தள்ளிப்போட அவரே ஆள் அனுப்பினார்.

கொழும்புப் பணம் அடுத்த வருடம் பகுதி பகுதியாக வந்து சேர்ந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் அங்கே பன்னாட்டு நிதியத்தின் கடன் வந்து, வரி ஏறி, நோட்டு அடிப்பது குறைந்து, எண் முந்நூறு பக்கமாகத் திரும்பியிருந்தது. இலங்கைக் காசு இப்போது ஏறிக்கொண்டிருந்தது. காலித் புதிய ஆர்டருக்குப் பேசும்போது சொன்னார்:

“இனி பழையபடி அச்சடிச்சே கட்டலாம் ராத்தா. காசு நல்லா நிக்குது.”

“நிக்குதுன்னு சொல்லாத. அந்தச் சொல்ல நம்பித்தான் ரெண்டு மிஷின வித்தேன். பென்சில்தான்.”

“சரி. ஆனா இப்ப காசு ஏறுதே, வெல கொறைப்பீங்களா?”

“இந்த வெள்ளியே கொறைக்கேன். எறங்கும்போது ஏத்துனவ, ஏறும்போது எறக்கலன்னா அது வெல இல்ல, களவு.”

காலித் அதைத் தன் கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். ஆனால் விலை இறங்கிய முதல் வெள்ளிக்கிழமை புறக்கோட்டையில் யாரும் பென்சிலைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகை வந்தது. மேலே ‘கொழும்பு’ என்று வெள்ளைப் பெயின்டில் எழுதி, பக்கத்தில் சாக்பீஸால் அந்த வாரத்து விலை. வெள்ளிக்கிழமை தோறும் சாயிரா துடைத்துவிட்டு எழுதுவார். பிறகு சீனாவிலிருந்து வரும் ஜிப்புக்கும் பக்கிளுக்கும் டாலர் எண்ணைத் தனியாக எழுத ஆரம்பித்தார், ஏனென்றால் ஆடத் தொடங்கியது நம் ரூபாய். ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கினார். விற்ற மிஷின்களில் ஒன்றைத் திரும்ப வாங்கினார். ருக்சானா பார்த்ததும், “இதுவும் நூல அறுக்குது மாமி. என் பழைய சனியனேதான் போல,” என்றாள். நூல் மாட்டும் இடத்தில் கீறல் இருந்தது. அதே மிஷின்தான்.

“பலக ஆடட்டும், ஆணி ஆடக்கூடாது,” என்று சாயிரா அடிக்கடி சொல்வார். எதைச் சொல்கிறார் என்று பெண்கள் கேட்டதில்லை. விலை பலகை, சொன்ன சொல் ஆணி என்று அவர்களுக்குத் தெரியும்.

போன டிசம்பரில், டாலர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டிய வாரம், அவருக்கு மூச்சுத் திணறல் இருந்தது. சயானில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை முடியட்டும் என்றார். அன்று காலை வந்து, பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். ஜிப்புக்காரரிடம் போனில் பேரம் பேசினார். ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னதும் பலகையைத் துடைத்தார். ஈரத்துணியை உதறிக் காயப் போட்டுவிட்டு, காலித் கூப்பிடட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

காலித் கூப்பிட்டபோது சாயிராவின் மூச்சு அடங்கியிருந்தது. போனை எடுத்தவள் ருக்சானா.

பட்டறை இப்போதும் காலையில் திறக்கிறது. ஐந்து மிஷின் ஓடுகிறது. விலையை ருக்சானா போனில் சொல்கிறாள், காலித் அங்கே பென்சிலால் எழுதிக்கொள்கிறார். சுவரில் உள்ள பலகையில் ‘கொழும்பு’ என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் சாயிரா துடைத்த இடம் துடைத்தபடியே இருக்கிறது.